தாத்தாவிடம் சொன்னதும் உன்னிடம் சொல்லாததும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அந்த வரி வரமாட்டேன் என்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. தாத்தாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரிந்து ஒன்பது வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் அவரே உன்னிடம் போனில் பேசினார், பித்தப்பைக் கல், எடுத்தாச்சு, கவலைப்படாதே என்று சொன்னார், நினைவிருக்கும். அவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நாங்கள் அவருக்குச் சொன்ன பொய்யைத்தான் அவர் நம்பி உனக்குச் சொன்னார். அப்புறம் அவர் குரல் தேய ஆரம்பித்ததும் நீ கேட்கிறபோதெல்லாம் தூங்குகிறார், நடக்கப் போயிருக்கிறார், குளிக்கிறார் என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். ஒரு தடவை நீ, "என்னம்மா, ஞாயித்துக்கிழமைன்னா தாத்தா நாள் பூரா குளிச்சுக்கிட்டே இருப்பாரா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு நான் செய்ததை அவர் பக்கத்திலிருந்து சொல்வதற்குள், நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது, அதனால்தான் கடிதம்.

முதலில் பார்த்தது நான்தான். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், கண்ணின் வெள்ளை முழுதும் மஞ்சளாக இருந்தது. அதற்கு முன்னாலேயே இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "பெல்ட்டு பெருத்துப்போச்சு" என்றார், நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். மருந்துக்கடையில் பதினாறு வருஷம் நின்றவள் நான், யாரோ எவரோ வந்து கை நீட்டினால் நகத்தைப் பார்த்தே ரத்தம் போதவில்லை என்று சொல்கிறவள். வீட்டுக்குள் இருக்கிற மனுஷர் கண்ணெதிரே கரைவதைப் பார்க்கத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் உன் அப்பாவையும் பெரியப்பாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். தாத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்த டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் நாலு மாதம், மிஞ்சினால் ஆறு என்றார். உன் அப்பா வாத்தியார் அல்லவா, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி, "எதிலிருந்து நாலு மாசம், இன்னியிலிருந்தா" என்று கேட்டார். பெரியப்பா எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "இந்த ரூமுக்கு வெளிய இது போகக்கூடாது. அப்பாவுக்குத் தெரிஞ்சா அந்த அதிர்ச்சியிலயே போயிடுவார்" என்றார். நாற்பது பேரை வைத்துக் கட்டடம் கட்டுகிறவர், அவர் சொன்னால் சுவர் எழும்பிவிடும், அப்படித்தான் இதுவும் எழும்பியது. பித்தப்பையில் கல் என்று முடிவாயிற்று. பித்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது, கல் எடுத்தாகிவிட்டது என்று சொன்னோம். உனக்குப் பரீட்சை இருப்பதால் உனக்கும் சொல்லக்கூடாது என்பதும் அங்கேயே முடிவானது. நான் தலையாட்டினேன். யார் மேலும் பழி போட நான் இதை எழுதவில்லை, நானும் அந்த அறையில்தான் இருந்தேன், தலையை ஆட்டத்தான் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது. வலி மாத்திரை அட்டையைப் பார்த்தால் தாத்தா பெயரைப் படித்து யாரிடமாவது கேட்டுவிடுவார் என்று, நான் ஒவ்வொரு மாத்திரையாகப் பிரித்து ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்தேன். பாட்டிலில் ஆரஞ்சுப் பழப் படம். ஒரு நாள் அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "ஏம்மா, வைட்டமின் தின்னா தெம்புதானே வரணும், எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வருது" என்று கேட்டார். வயசாயிடுச்சு மாமா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். ஏற்கெனவே மூடியிருந்த பாட்டில் மூடியை நான் திரும்பத் திருகிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார், எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். நாங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருப்போம், அவர் அறையிலிருந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு பட்டென்று நின்று, யாராவது ஒருவர் மழை வரும்போல இருக்கு என்பார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அவரும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஆமா, வரும்" என்பார். அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளினால் பெரியப்பா கோபத்தில் கத்துவார், சாப்பிட்டால்தானே கல் வந்த புண் ஆறும் என்பார். அந்த மனுஷர் எங்களுக்காக நாலு வாய் விழுங்கிவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, சத்தம் காட்டாமல் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒரே வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நடித்துக்கொண்டு, ஒருத்தரும் கைதட்டாத நாடகம். உன் அப்பாவிடம் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அவர்கிட்ட சொல்லிடலாம் என்று. அண்ணன் முடிவு பண்ணிட்டார் என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரு விடைத்தாளுக்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார், எழுத்து கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இதற்குள் பெரியப்பா யாரையோ பிடித்து வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிவிட்டார். நரம்பில் ஏற்றுகிற மருந்து, கடுமையான மருந்து, ஆறு தடவை. அப்பாவுக்கு மிச்சக் கல்லைக் கரைக்கிற மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். கிளம்புகிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் மூக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்து வராதே, அங்கே போர்டெல்லாம் படிப்பார் என்றார். சரி என்றேன். ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா, கண்ணாடியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டது. கொடுப்பதற்காகவா மறைப்பதற்காகவா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. மூன்று மணி நேரப் பயணம், தாத்தா கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் மட்டும், பழைய லைன்மேன் அல்லவா, மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பியைப் பார்த்துவிட்டு, "இழுவை சரியில்ல, காத்தடிச்சா விழும்" என்றார். ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி, பச்சைத் திரை போட்ட கட்டில். நர்ஸ் ஒரு அட்டையில் செருகிய தாளைக் கொண்டுவந்தாள். பெரியப்பா நான் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். அவள், "நோயாளி சுயநினைவோட இருக்கார், அவர்தான் சார் போடணும்" என்று சொல்லிவிட்டாள். தாத்தா பேனாவை வாங்கிக்கொண்டார். தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், எழுத்து தெரியவில்லை. என் கண்ணாடி எங்கம்மா என்று கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டு, "வீட்டுல மறந்துட்டு வந்துட்டோம்ப்பா. எல்லாருக்கும் குடுக்கற சாதாரண பாரம்தான், அந்தப் புள்ளி போட்ட இடத்துல போடுங்க" என்றார். தாத்தா பேனாவை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "தெரியாம ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. இது எதுக்குன்னு மட்டும் சொல்லிடு, போடறேன்" என்றார்.

பெரியப்பா என்னை முறைத்தார். உன் அப்பா தரையைப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் புடவையில் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "இந்தப் பெரிய வார்த்தையெல்லாம் எனக்குப் புரியல, நீயே படிச்சுச் சொல்லு" என்று தாளை என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். கணையப் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சைக்குச் சம்மதம் என்று தலைப்பிலிருந்து, என்னென்ன பக்கவிளைவு வரும் என்பது வரைக்கும், ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாகத் தெரியும் என்பது. ஆறு வாரம் மாமா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டரை வரச் சொன்னார். டாக்டரிடம், "இதைப் போட்டா நான் பொழைப்பனா" என்று கேட்டார். டாக்டர் நல்ல மனுஷர், பூசி மெழுகவில்லை, பிழைக்க முடியாது, ஒன்று ரெண்டு மாதம் கூடலாம், அதில் பாதி நாள் இந்தக் கட்டிலிலேயே போகவும் கூடும் என்றார். தாத்தா பேனாவை மூடி நர்ஸிடம் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார். பெரியப்பா என்னைத் தாழ்வாரத்துக்கு இழுக்காத குறையாகக் கூப்பிட்டு, "அவர் உயிரோட இருந்திருக்க வேண்டிய நாளை நீ பிடுங்கிட்ட. உன் சொந்த அப்பாவா இருந்தா செய்வியா" என்றார். அந்தக் கேள்வியை அன்றைக்கு முழுதும் நானே எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரெண்டு நாள். தாழ் போடவில்லை, ஆனால் உள்ளே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். தட்டு போனபடியே திரும்பி வந்தது. தண்ணீர் மட்டும் குடித்தார். உன் அப்பா என்னோடு பேசவில்லை, கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத மௌனம் அது, சட்டைப் பொத்தான் அறுந்ததைக்கூட என்னிடம் சொல்லாமல் தானே ஊசி கோர்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா போன் பண்ணினால் நான் எடுத்தால் வைத்துவிடுவார். அவர் சொன்னபடியேதான் ஆகிவிட்டதோ, ஒரு வாய்ச் சொல்லால் ஒரு மனுஷரைக் கொன்றுவிட்டேனோ என்று கதவுக்கு வெளியே நின்று அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அறைக்கதவு திறந்து கிடக்கிறது, கட்டில் காலி. படுக்கையை மடித்து வைத்திருந்தார், போன் தலையணை மேல் இருந்தது. ஆணியிலிருந்த பெல்ட்டைக் காணோம், செருப்பைக் காணோம். என்னென்னவோ நினைத்தேன், அதை உனக்கு எழுத மாட்டேன். கிணறு எங்கே, தண்டவாளம் எங்கே என்று ஒரு மனுஷி யோசிக்கக்கூடாததையெல்லாம் யோசித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன். பூங்காவில் இல்லை, பஸ் நிறுத்தத்தில் இல்லை, முடிவெட்டுகிறவர் கடையில் இல்லை. கடைசியில் அவர் முப்பத்து நாலு வருஷம் லைன்மேனாகவும் ஃபோர்மேனாகவும் வேலை பார்த்த மின்சார ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, "இப்பத்தான்மா, ஒரு மணி நேரத்துக்கு முன்னால வந்தார். ஸ்பானரோட அட்ரஸ் வேணும்னார், பென்ஷன் ரிஜிஸ்தரைப் பார்த்து எழுதிக் குடுத்தேன், பஸ்ஸுக்குப் போனார்" என்றார். ஸ்பானர் என்ற பட்டப்பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அந்த முகவரி ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு உன் அப்பாவை வகுப்பிலிருந்து வரவழைத்தேன். கார் எடுத்துக்கொண்டு போனோம். பாதி தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல், "அப்பா அவராவே கேட்டார். உன்னைத்தான் கேட்டார். என்னை ஏன் கேக்கல" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் புரிந்தது, அத்தனை நாள் மௌனமும் என் மேல் வந்த கோபம் இல்லை.

அந்த முகவரி வீட்டில் விசாரித்தபோது எங்களை அனுப்பிய இடம், அந்த ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தம். வரிசை வரிசையாக ஸ்கூட்டர், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் தாத்தா. அவர் முன்னால் ஒரு ஒல்லி மனுஷர் நின்று திட்டிக்கொண்டிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை, சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். சாதாரணத் திட்டு இல்லை, நாலு தலைமுறையை இழுத்துத் திட்டு. நடுவில் யாராவது வண்டி எடுக்க வந்தால் திட்டை நிறுத்திவிட்டு இடது கையால் டோக்கனை வாங்கிப் பார்த்து, "மூணாவது வரிசை சார்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். உன் அப்பா பொறுக்க முடியாமல் நடுவில் புகப் போனார். தாத்தா கையை உயர்த்தி, "இருப்பா, அவன் இன்னும் முடிக்கல" என்றார். விஷயம் இதுதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் லைன் அறுந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று ஆபீஸிலிருந்து போனில் சொன்னார்கள். ஃபோர்மேன் தானே போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு, கம்பத்தில் ஏறலாம் என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. மழையில் அரை மைல் நடக்க வேண்டுமே என்று தாத்தா பார்க்காமலே போட்டுவிட்டார். ஏறினவர் இந்த ஸ்பானர். லைனில் மின்சாரம் இருந்தது. கை போனது. விசாரணையில் ஆபீஸ்காரர்கள் தவறு என்று முடிந்து தாத்தா மேல் ஒன்றும் வரவில்லை. அந்த வெட்கத்தில் ஆஸ்பத்திரிக்குக்கூடப் பார்க்கப் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. நமக்கெல்லாம் தாத்தா யாரையும் நம்பாமல் எல்லாக் கதவையும் ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷர் என்றுதான் தெரியும், ஏன் என்று தெரியாது.

திட்டித் தீர்த்து மூச்சு வாங்கியபோதுதான் ஸ்பானர் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. கால்சட்டை இடுப்பில் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தார். "என்னடா ஆச்சு உனக்கு" என்றார். தாத்தா, "கேன்சர். ரொம்ப நாள் இல்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பானர் கையிலிருந்த டோக்கன்களைச் சட்டைப்பையில் போட்டார். "சாகப்போறோம்னு தெரிஞ்சதும் மன்னிப்பு வாங்கிட்டுப் போலாம்னு வந்தியா" என்றார். "மன்னிப்பு கேக்கல. பார்க்காமப் போட்டேன்னு உன் மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்னு வந்தேன். விசாரணையில நான் அதைச் சொல்லல" என்றார் தாத்தா. ஸ்பானர் போய் எதிர்க்கடையில் டீயும் ரொட்டியும் வாங்கிவந்தார், ஒரே கையில் ரெண்டு கிளாஸையும் கோர்த்துப் பிடித்து, ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. மன்னிச்சேன்னு என் வாயில வராது என்றார். வேணாம் என்றார் தாத்தா. ரெண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்காத மனுஷர் அந்த ரொட்டியை டீயில் தோய்த்து ரெண்டு துண்டு தின்றார். நான் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஸ்பானர் கார் ஜன்னலில் குனிந்து, "எனக்கு இன்னும் திட்ட வேண்டியது நிறைய இருக்கு, வியாழக்கிழமை வரேன்" என்றார். சொன்னபடி மூன்று வியாழக்கிழமையும் வந்துவிட்டார். போன தடவை திட்டின மாதிரி தெரியவில்லை, ரெண்டு பேரும் யாரோ ஒரு பழைய எஞ்சினியரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் அறைப்பக்கம் போனதும் நிறுத்திவிட்டார்கள், பெண்கள் காதில் விழக்கூடாத கதையாக இருக்கும்.

இப்போது இருக்கிற நிலையைச் சொல்கிறேன். வலிக்கு மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கே வருகிறார். மாத்திரை அதனதன் அட்டையிலேயே இருக்கிறது, எது எதற்கு என்று தாத்தாவே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். காலையில் தெளிவாக இருப்பார், மத்தியானத்துக்கு மேல் சோர்ந்துவிடுவார். கண்ணில் மஞ்சள் லேசாகத் திரும்ப வந்திருக்கிறது. சில நாள் வலி மாத்திரைக்கு அடங்குவதில்லை, அப்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார், நான் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உன் அப்பா மறுபக்கம். உன் அப்பா இப்போது பள்ளிக்கூடத்துக்கு அரைநாள்தான் போகிறார், தினமும் தாத்தாவைக் குளிப்பாட்டுவது அவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, அவனை உள்ளே வரச் சொல்லு என்றார். வந்ததும், "நீ என் மேல பாசம் வெச்சது தப்பில்லடா. என்னைக் கேக்காம வெச்சதுதான் தப்பு" என்றார். பெரியப்பா தரையில் உட்கார்ந்து அவர் கால் நகத்தையெல்லாம் வெட்டிவிட்டார், வெட்டிக்கொண்டே அழுதார். ஆனால் என்னோடு இன்னும் பேசவில்லை. நான் வைத்த காபியைக் குடித்துவிட்டு, காலி டம்ளரை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது ஆறுமா ஆறாதா என்று எனக்குத் தெரியாது. ஆறாவிட்டாலும் நான் தாங்கிக்கொள்வேன். அவரிடம் நீ கோபமாகப் பேசாதே, அவருக்கும் அப்பாதானே.

நேற்றுக் காலையில் நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தாத்தா, "மீட்டருக்குச் சொல்லியாச்சா" என்று கேட்டார். நீ சின்ன வயதில் கேள்வி மேல் கேள்வி கேட்டு ஓடிக்கொண்டே இருப்பாய் என்று அவர் வைத்த பேர், இன்னும் அதுதான் வாயில் வருகிறது. இல்லை மாமா, அவளுக்குப் பரீட்சை இருக்கு என்றேன். சீப்பைப் பிடித்திருந்த என் கையை விலக்கிவிட்டு, "அவளுக்கும் ஆரஞ்சுப் பழம் போட்ட பாட்டிலா" என்றார். அதனால்தான் இன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கூடவே நேற்று நான் அவரிடம் கேட்டேன், மனசில் அறுத்துக்கொண்டிருந்ததை, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் செய்தது சரியா மாமா என்று. சீப்பை என் கையிலிருந்து வாங்கி அதில் சிக்கியிருந்த முடியை எடுத்தார். "சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. தெரியாமலே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் நல்லாத் தூங்கியிருப்பேனோ என்னவோ. ஆனா நீ சொன்னப்புறம்தான் எனக்கு இந்த வீட்டுல பேச ஆள் கிடைச்சது" என்றார்.

அதனால் கண்ணு, உனக்கு நான் எதையும் பூசி எழுதவில்லை. உன் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது. டாக்டரம்மாவைத் தனியாகக் கேட்காமல் தாத்தாவை வைத்துக்கொண்டே கேட்டேன், இன்னும் எவ்வளவு நாள் என்று. இரண்டு மாதம் இருக்கலாம், ஒரு மாதத்திலும் முடியலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீ பரீட்சை எழுதிவிட்டு வந்தால் அவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போதே வந்தால் ஒரு வருஷப் படிப்பு வீணாகலாம். வா என்று நான் எழுதப்போவதில்லை, வராதே என்றும் எழுதப்போவதில்லை. உன் அப்பா, பரீட்சையை முடிச்சிட்டு வரட்டுமே என்கிறார். தாத்தாவைக் கேட்டதற்கு, "பல்லு டாக்டர் ஆகிட்டு வந்தா என் பொய்ப்பல்லைப் பார்த்துத் தருவா, ஆகாம வந்தா என்னைப் பார்ப்பா. ரெண்டும் அவ இஷ்டம், யாரும் அவளை நெருக்காதீங்க" என்றார். நீ எதைத் தீர்மானித்தாலும் இந்த வீட்டில் ஒருத்தர் உன்னை ஒரு வார்த்தை சொல்ல நான் விடமாட்டேன். தனியாக உட்கார்ந்து அழாதே, கூட இருக்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டு அழு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே, அது யாருக்கும் உதவாது.

எங்கே இருந்தாலும் நீ நிறைந்த மனதோடும் திடமான உடம்போடும் நீண்ட நாள் வாழ வேண்டும், எடுத்த படிப்பு உன் கைக்கு வந்து சேர வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணாதே. நம்மூர் நேரம் காலை பத்து மணிக்கு அவர் தெளிவாக இருக்கிறபோது நேராக அவருடைய போனுக்கே பண்ணு. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி எப்படியிருக்கீங்க தாத்தா என்று கொஞ்சாதே. உனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அவரிடமே கேள், வலிக்கிறதா என்று கேள், பயமாக இருக்கிறதா என்றுகூடக் கேள். அவர் சொல்வார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குச் சொல்லத் தெரியும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா